பலகையில் இல்லாத படம்

ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை

கடல் தாண்டிப் போன பிறகும் என்னை அதட்டுவதை விடாத என் வீட்டுக்காரிக்கு,

நானும் நம் பெண் மிளகும் சுகமாக இருக்கிறோம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பரவாயில்லை என்கிறாய். நீ பரவாயில்லை என்று சொன்னால் நிஜமாகவே வலிக்கிறது என்று அர்த்தம். இது கல்யாணமான முதல் மாதமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை நீ ஒருத்தியே தூக்காதே. கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. நாடக டீச்சர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாதாம். "அவளுக்குப் பேச்சுதான் வராது, காது நல்லாவே கேக்குது சார். அவ தலைக்கு மேல நீங்க பாட்டுக்கு அவளைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா அவளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் தனியாகப் போய்ப் பேச இடம் ஏது? முன்னால் சலூன், பின்னால் ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இவளுக்கோ பாம்புச் செவி. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். கத்தரி பிடித்துப் பழகிய கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாடக டீச்சர் யார் என்று சொல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறேன் பார். நூலகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கிடங்கு உனக்கு ஞாபகம் இருக்கும். அதைச் சுத்தம் செய்து, வழவழவென்று தரை போட்டு, வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் வைத்து, நம் மிளகைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாட்டு, படம், நாடகம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே நாடக வகுப்பு எடுப்பவர்தான் இந்த டீச்சர். பிசியோதெரபி அம்மாதான் விஷயத்தைச் சொல்லி, அவரே போய்ப் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை காலையில் அவர்களுடைய வேன் நம் வாசலுக்கே வருகிறது. பின்கதவு திறந்து ஒரு இரும்புத் தட்டு இறங்கும். சக்கர நாற்காலியை அதில் நிறுத்தினால் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். முதல் நாள் மிளகு அதில் ஏறியபோது சலூனில் இருந்த அத்தனை பேரும் கழுத்துத் துண்டோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வேனில் ஒரு உதவியாளரும் வருகிறார். கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு தொம் தொம்மென்று நடப்பார், அதனால் பிள்ளைகளுக்கு அவர் பூட்ஸ் அக்கா. சாப்பாடு, தண்ணீர், கழிவறை, எல்லாம் அவர் பொறுப்பு. நீ பதறாதே. மிளகுக்கு வேறு ஆள் கையால் தண்ணீர் கொடுத்தால் புரையேறிவிடும், கண்ணை விட்டு அவளை எங்கும் அனுப்பாதீங்க என்று ஏர்போர்ட் வாசல் வரைக்கும் நீ சொல்லிக்கொண்டே போனது என் காதிலேயே இருக்கிறது. முதல் நாள் வகுப்பிலும் தண்ணீர் நான்தான் கொடுத்தேன்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். முதல் வகுப்பில் நான் அவள் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் பிள்ளைகளை வட்டமாக வைத்து, எந்த மிருகமாக நடிக்க ஆசை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். மிளகின் முறை வந்ததும் நான் முயல் என்றேன். அவளிடம் இருக்கும் பொம்மை முயல்தானே! டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முன்னால் மண்டியிட்டு இன்னொரு முறை கேட்டார். இந்த அம்மாவுக்குக் காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு, "முயல்தான் மேடம், முயல்னா அவளுக்கு உசிரு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அட்டையில் செய்த முயல் காது வந்தது. நானே மாட்டிவிட்டேன். இவள் தலையை உலுக்கிக் கீழே தள்ளினாள். எடுத்து மாட்டினேன். மறுபடியும் தள்ளினாள். விளையாடுகிறாள் என்று நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

அப்புறம் நம் படப் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நீ கிளம்புவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து படங்களை வெட்டி ஒட்டிச் செய்தோமே, அதே பலகைதான். தண்ணீர், சாப்பாடு, கழிவறை, தூக்கம், குளிர், வலி, டிவி, அம்மா, அப்பா, நன்றி. அவள் கை முட்டியால் தொட்டுக் காட்டக் காட்ட நமக்குப் புரிந்துவிடும் என்று பெருமையாக விளக்கினேன். பாராட்டப் போகிறார் என்று பார்த்தால், "இதுல 'வேண்டாம்' எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

என் பெண் நல்ல பெண், வேண்டாம் என்று சொல்லவே மாட்டாள் என்றேன். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். அப்படித் திருப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் அந்தப் பக்கமாகப் போய் ஊட்டுவேன் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! ஏன் பூட்ஸ் அக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார் என்று தெரியவில்லை.

முடிவு என்ன தெரியுமா? அடுத்த வாரத்திலிருந்து பெற்றோர் எல்லோரும் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டுமாம். எல்லோரும் என்று சொன்னாலும் பார்த்தது என்னைத்தான். பதினோரு வயது வரைக்கும் அவளுக்காகப் பேசிய வாய் இது. நீயே சொல், இது நியாயமா?

வலிக்கிற இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்


திங்கட்கிழமை மத்தியானம், வெயிலுக்கு ஆள் வராத நேரம்

டீச்சர் பக்கம் பாதி சாய்ந்துவிட்ட என் நீதிபதிக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலே வரி. பலகையில் 'வேண்டாம்' படத்தைச் சேர்க்கச் சொல்கிறாய், ஆனால் வெளியே உட்காராதே என்கிறாய். எனக்குப் பாதித் தீர்ப்பு, டீச்சருக்குப் பாதித் தீர்ப்பு. நானும் அப்படியே நடந்துகொண்டேன். அதாவது, உட்கார்ந்தது வெளியேதான், ஆனால் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. என் மூக்கு அதில் ஒட்டியபடியேதான் இருந்தது.

முதலில் பலகைச் சமாச்சாரம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தம்பி வீட்டுக்கே வந்து உதவினார். வேண்டாம், போதும், மறுபடியும், நான், போ, நில், கோபம், சிரிப்பு என்று புதிதாக ஒரு வரிசை. இடம் போதவில்லை. நீ ஆசையாக வெட்டி ஒட்டிய நன்றியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினேன், கோபித்துக்கொள்ளாதே. வேண்டாம் என்பதற்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஒரே ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குச் சனி. அவித்த முட்டையைக் கொண்டுபோனேன், வேண்டாம். உடம்பு தேறட்டும் என்று தினமும் கொடுத்துவந்த முட்டை! செய்தி சேனலைப் போட்டேன், வேண்டாம். சரி, ஊட்டும்போது நான் வழக்கமாகப் பாடுவேனே, அதை ஆரம்பித்தேன். வாயில் இருந்ததை விழுங்கி முடித்துவிட்டு, நிதானமாகக் கையைக் கொண்டுபோய்ச் சிவப்புக் குறியில் வைத்தாள். என் பாட்டு அவளுக்கு வேண்டாமாம்! நீ என்னைக் கட்டிக்கொண்டதே இந்தப் பாட்டுக்காகத்தான் என்று நீ சொன்னதில்லையா? இல்லை என்றுதான் சொல்வாய். அம்மாவும் பெண்ணும் ஒரே கட்சி.

இது எல்லாம் போகட்டும். மாதம் பிறந்தால் அவளுக்கு முடி வெட்டுவேன் அல்லவா? வழக்கம்போல வெள்ளைத் துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, கத்தரியை எடுத்தேன். துணிக்கு அடியில் கை அசைந்தது. துணியை விலக்கினால், பலகை அவள் மடியிலேயே இருக்கிறது, கை முட்டி சிவப்புக் குறியின் மேல். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குளிப்பாட்ட வசதி என்று இத்தனை வருஷமாகப் பையன் மாதிரி ஒட்ட வெட்டி வந்தேன். கடைக்கு வருகிறவன் யாராக இருந்தாலும், மூன்று வயதுப் பொடியனாக இருந்தாலும், எப்படி வெட்டணும் தம்பி என்று கேட்காமல் நான் கத்தரியைத் தொட்டதில்லை. இவள் ஒருத்தியைத்தான் கேட்டதில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். உன் பெண் முடி வளர்க்கிறாள், தகவலுக்காகச் சொல்கிறேன். இப்போதைக்கு முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது. கண்ணாடியைக் காட்டச் சொல்லி அடிக்கடி பார்த்துக்கொள்கிறாள்.

இனி எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. நீ பயந்தது நடந்துவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிளகு இப்போது நன்றாக இருக்கிறாள். மறுநாளே டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, காய்ச்சல் இல்லை.

போன சனிக்கிழமை தண்ணீர் இடைவேளையில் பூட்ஸ் அக்காதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். கழுத்து குனிந்திருக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வாய், குடிக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. அவர் அப்படியேதான் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கதவை லேசாகத் திறந்து, "மெதுவாம்மா, கழுத்தைக் குனி, கழுத்தைக் குனி" என்று கத்தினேன். என் குரல் கேட்டால் இவள் என்ன செய்வாள்? தலையைத் தூக்கி என்னைத் தேடிச் சிரித்தாள். வாயில் இருந்த தண்ணீர் அப்படியே உள்ளே போய்விட்டது.

முகம் சிவந்துவிட்டது. சத்தமே வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிய ஒரு காலும் அங்கிருந்த அட்டை மரத்தை மிதித்து உடைத்தது. பூட்ஸ் அக்கா பதறவில்லை. அவளை முன்பக்கமாகச் சாய்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இருமு கண்ணு, நல்லா இருமு, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருமல் வந்தது. அழுகை வந்தது. அப்புறம் மூச்சு சீரானது.  அன்றைக்கு நான் கத்தியைத் தொடவில்லை, கடையைத் திறக்கவே இல்லை.

அவர் கையால் அவளுக்குப் புரையேறவில்லை. என் வாயால் ஏறியது. திட்டுவதாக இருந்தால் ஆளைப் பார்த்துத் திட்டு.

உன் வீட்டுக்காரன்


புதன்கிழமை, காலைக் கூட்டம் ஓய்ந்ததும்

கோபமாக இருப்பவளுக்கு, பயந்துகொண்டே எழுதுவது,

உன் கடிதம் வந்தது. நாலு வரிக்கு மேல் எழுதாதவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வகுப்பும் வேண்டாம், நாடகமும் வேண்டாம், என் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தச் சனிக்கிழமை வேன் வந்தபோது, இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அடுத்து நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வாரம் முழுக்க மிளகு பலகையைத் தொடவில்லை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. முட்டை கொடுத்தாலும் சாப்பிட்டாள், செய்தி போட்டாலும் பார்த்தாள். நான் பாடினேன், அதையும் கேட்டாள். பலகையை மடியில் வைத்தால் கையை எடுத்துப் பக்கத்தில் தொங்கப் போட்டுக்கொண்டாள். பழைய நல்ல பெண்ணாக ஆகிவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. இத்தனை நாள் அவள் முட்டையைச் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டாள் என்று நினைத்திருந்தேனே, அந்தச் சாப்பாட்டையும் இந்தச் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். நம் பழைய போஸ்ட்மாஸ்டர்தான், எப்போதும் அரசியல் பேசுவாரே, அவர். பக்கத்துத் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் நம் கடையைக் கடந்து போனது. உள்ளே தொப்பென்று சத்தம். திரையை விலக்கிப் பார்த்தால், மிளகு மேசையிலிருந்த பலகையை இழுத்து மடியில் தள்ளியிருக்கிறாள். நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டுத் தொட்டாள். நான். போ. அப்புறம் என் படத்தைத் தொட்டாள். அப்பா. நில்.

அப்பா, நில். அவள் போக வேண்டும், நான் குறுக்கே வரக் கூடாது. அதுவரைக்கும் யாரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை, நீ உட்பட. கையில் கத்தியும் தோளில் துண்டுமாக நான் தெருவில் வேன் பின்னால் ஓடினேன். கத்தியோடு ஒருவன் துரத்துகிறான் என்று வேன்காரர் இன்னும் வேகமாக ஓட்டியிருப்பார். நல்ல வேளையாகப் பூட்ஸ் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு நிறுத்தச் சொன்னார். பாதி முகம் நுரையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததாகப் போஸ்ட்மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவ்வளவு நேரமெல்லாம் இல்லை.

உன்னிடம் கேட்காமல் அனுப்பியது தப்புதான். ஆனால் கேட்டது அவள்.

நாடகம் என்னவென்றால், ஒரு பஸ். ஆளாளுக்கு ஒரு அவசரம். மிளகு என்ன வேஷம் கேட்டாள் என்று நினைக்கிறாய்? ஓட்டுநர்! டீச்சர் படங்களை வரிசையாகக் காட்டி, அவள் கை நகரும்வரை காத்திருந்தார். காத்திருப்பது என்றால் நம்மைப் போல மூன்று எண்ணுவதற்குள் நாமே பதில் சொல்வது இல்லை. பெஞ்சில் இருந்த எனக்கு அந்த நேரத்தில் ஒருவருக்கு முழுசாக முடி வெட்டி முடித்திருக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் தொட்டாளே! சக்கரத்தோடு இருப்பவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் நாற்காலியில் இரண்டு பெரிய பொத்தான்களைப் பொருத்தியிருக்கிறார்கள். பச்சையை அழுத்தினால் "போலாம், போலாம்!" என்று குரல் வரும். சிவப்பை அழுத்தினால் "வண்டி நகராது!" அந்தக் குரலை நானே பதிந்து தருகிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு போனேன். பதினோரு வயதுப் பெண் உங்கள் குரலில் பேசினால் நன்றாகவா இருக்கும் என்று டீச்சர் அனுப்பிவிட்டார். வகுப்பில் கண் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள், கணீரென்ற குரல். அவள்தான் பேசினாள். மிளகின் வாயிலிருந்து அது வருவது போலவே இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், இல்லை என்று சொன்னால் பொய்.

ஒத்திகையில் ஒன்று நடந்தது. ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு பையன், பஸ்ஸுக்குக் கடைசியாக வர வேண்டியவன், ரொம்ப மெதுவாக வந்துகொண்டிருந்தான். மற்ற பிள்ளைகள் போலாம் போலாம் என்று கத்தினார்கள். மிளகு சிவப்பை அழுத்தினாள். கத்தக் கத்த அழுத்தினாள். அவன் வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் பச்சை. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இனி நாடகமே இதுதான் என்று டீச்சர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு காரணம். ஒன்று, சத்தம் போடக் கூடாது. இன்னொன்று உனக்கே தெரியும்.

கடைசியாக, சொல்லத் தயங்கிக்கொண்டே வந்த விஷயம். வேறு ஊரில் பிள்ளைகளுக்கான கலைவிழா நடக்கிறது. இந்த நாடகத்தைப் போடச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு ராத்திரி அங்கே தங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு துணைதான், அது யார் என்று பிள்ளையே சொல்ல வேண்டுமாம். நான் உள்ளுக்குள் பெட்டியே கட்டிவிட்டேன். டீச்சர் என் முன்னாலேயே மிளகைக் கேட்டார். அவள் பூட்ஸ் அக்கா பக்கம் கையை நீட்டினாள். அப்பா வர வேண்டாமா என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். என் படத்தைத் தொட்டாள், சிவப்புக் குறியைத் தொட்டாள்.

வீட்டுக்கு வந்து, உள்ளுக்குள் கட்டிய பெட்டியை உள்ளுக்குள்ளேயே பிரித்துவைத்தேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்


வெள்ளிக்கிழமை சாயங்காலம்

என் பாதியே,

உன் பதில் வந்தது. நீங்கள் கூடப் போனால் அவள் போகட்டும், இல்லாவிட்டால் நான் இந்த வேலையை விட்டுவிட்டு வந்து கூட்டிப் போகிறேன், முன்பின் தெரியாத ஒருத்தி கையில் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு எப்படி இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெற்று, பெற்ற நாளிலிருந்து விழுங்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. நீ சம்மதிக்காமல் அவளை அனுப்ப மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள்.

நேற்று பூட்ஸ் அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் உள்ளே மிளகுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும், நான் திரைக்கு இந்தப் பக்கம் வேலை பார்க்கிறேன் என்று ஏற்பாடு. ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். ஒரு வாய். விழுங்கும் சத்தம். கொஞ்சம் அமைதி. அடுத்த வாய். டம்ளர் காலியாகும்வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடித்தூள் விழுந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

அப்போதுதான் உன்னை நினைத்தேன். நீ அங்கே யாரோ ஒரு வயதான அம்மாவுக்குத் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டுகிறாய். விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து அடுத்த கரண்டி கொடுக்கிறாய். அந்த அம்மாவின் பிள்ளைகள் எங்கேயோ இருக்கிறார்கள், உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அவர்கள் உன்னை நம்பித்தானே தூங்குகிறார்கள்? அவர்களுக்கு நீ முன்பின் தெரியாத ஒருத்தி. நீ எவ்வளவு நல்லவள் என்று எனக்கல்லவா தெரியும்! பூட்ஸ் அக்கா வீட்டிலும் அவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

இவ்வளவும் நான் பேசியது. என் பேச்சைக் கேட்டு நீ முடிவு செய்ய வேண்டாம். இன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மிளகு முன்னால் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன், டீச்சர் காத்திருப்பது போல. பலகையில் இப்போது பஸ் படமும் பூட்ஸ் அக்கா படமும் சேர்ந்திருக்கின்றன. அவள் தொட்டதைத் தொட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

நான். பஸ். போ.

பூட்ஸ் அக்கா.

அப்பா. வேண்டாம்.

சிரிப்பு.

(இந்தச் சிரிப்பு என் முகத்தைப் பார்த்துத் தொட்டது.)

அப்புறம் ரொம்ப நேரம் கை நகரவில்லை. முடிந்துவிட்டது என்று பேனாவை மூடப் போனேன். என் பழக்கம் அது. நல்ல வேளை, மூடவில்லை.

அம்மா. வலி. வேண்டாம்.

அம்மா. மறுபடியும்.

மறுபடியும்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். உனக்குச் சொன்னது, உனக்கே புரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இத்தனை நாள் நீ எழுதியது எல்லாம் என் பெயருக்குத்தான் வந்தது. அவளைப் பற்றி நீயும் நானும் பேசிக்கொண்டோம். இந்தப் பதிலை எனக்கு எழுதாதே. போய்விட்டு வா என்று சொல்வதானாலும், போகாதே என்று சொல்வதானாலும், எப்போது வருவாய் என்று சொல்வதானாலும், அவளுக்கு எழுது. உறையின் மேல் அவளுடைய முழுப் பெயரை எழுது. இதுவரை அந்தப் பெயருக்கு நம் வீட்டுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், என் கையில் கொடுக்காமல் உள்ளே போய் அவள் மடியில் வைப்பார். பூட்ஸ் அக்கா படித்துக் காட்டுவார். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பேன், வாயைத் திறக்காமல்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கையால் குடிக்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்